பங்காளி மீனுக்கு நடுச்சுவர்

ஏலே பேராண்டி, இப்படி உக்காரு. கையில என்ன நோட்டு? தொட்டிப் படமா? குடு பாப்போம். அடேயப்பா! ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உசரம். அதுக்குள்ள ஆறு ஃபைட்டர் மீனுக்கு ஆறு ரூமு. அளவெல்லாம் சுத்தமாத்தான் போட்டிருக்க. சென்னையில மேன்ஷன் கட்டுதவன் கண்ணுல பட்டா உன்னய விடவே மாட்டான்.

ரூமு ஒண்ணுக்கு நாலு இஞ்சு. மீனு வாலோட சேத்து ரெண்டரை, மூணு இஞ்சு வரும். திரும்பணும்னா வாலை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டுத் திரும்பட்டும், உனக்கென்ன?

கொஞ்சத் தண்ணியிலயே அவன் இருப்பான்னு போன்ல எவனோ சொன்னானாக்கும். இருப்பாம்லே. செவுள் போக தலைக்குள்ள இன்னொரு உறுப்பு இருக்கு, லாபிரிந்த்னு பேரு. மேல வந்து நேரா காத்தைக் குடிச்சிட்டுப் போவான். அதனால லேசுல சாக மாட்டான், அம்புட்டுதான். 1840-ல சியாம் ராஜா பரிசாக் குடுத்து, தியோடர் கேன்டர்னு ஒரு டாக்டர் கைக்குப் போன சாதின்னு சொல்லுவாவ அவனை. 2019-ல தாய்லாந்து அரசாங்கமே தேசிய நீர்வாழ் உயிரினம்னு அறிவிச்சிருக்கு. உங்க வீட்டுல ஹார்லிக்ஸ் பாட்டில்ல நிக்கான். நல்ல மரியாதைலே!

நான் சென்னை கொளத்தூர்ல கண்ணாடிக் கடையில நின்னவன்லா. அந்தப் பக்கம் மீன் வளக்காத தெருவு கம்மி. ஆறு ரூமு கேட்டு வாரவனும் உண்டு, அதே தொட்டிய மறுபடி தூக்கிக்கிட்டு ரெண்டு ரூமாக்க வாரவனும் உண்டு. எங்களுக்கு ரெண்டு கூலி. நீ மூணு ரூமோட நிறுத்திக்கோ. ரெண்டுன்னா இன்னும் விசேஷம். கடைக்காரன் பொழப்புதான் கெடும்.

கண்ணாடி 5 மி.மீ. போதும். அடிக்கண்ணாடி மேல நாலு பக்கத்தையும் நிறுத்து. பக்கத்துக் கண்ணாடி ரெண்டுலயும் மறக்காம 10 மி.மீ. கழிச்சு வெட்டச் சொல்லு; முன்னும் பின்னும் நிக்க கண்ணாடிக்கும் தடிமன் உண்டுல்லா. ஒட்டுத இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடை. சிலிகான் வாங்கும்போது மட்டும் புத்திசாலித்தனத்தைக் காட்டிராத. பூஞ்சை பிடிக்காதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும், உனக்கு உடனே பிடிச்சிப் போகும். அது பாத்ரூமுக்கு உள்ளது. பூஞ்சையக் கொல்லுத மருந்து கலந்தது. மீன்தொட்டி சிலிகான்னு கேட்டு வாங்கு. ஒட்டினதும் காடி வாடை வீசும். ரெண்டு நாள் அந்தப் பக்கம் போகாத. அப்புறம் தண்ணி ஊத்தி ஒரு நாள் திண்ணையில வச்சிப் பாரு. வரவேற்பறையில வச்சிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன்னா, உங்கம்மா வெளக்கமாத்தோட வந்து தெரிய வைப்பா. அம்பது லிட்டருக்கு மேல பிடிக்கும்லே. அம்பது கிலோ! டிவி ஸ்டாண்டு தாங்காது. பலகை மட்டமா இருக்கணும், அடியில ஒரு தெர்மகோல் போடு.

இப்ப உன் நடுச்சுவருக்கு வருவோம். கண்ணாடியில போட்டா அழகா இருக்கும்னு எழுதிருக்க. இருக்கும், யாருக்கு? உங்கப்பனும் சித்தப்பனும் பாகம் பிரிச்சப்ப முத்தத்துல இடுப்பளவு சுவரு போதும்னானுவ. காலையில பல்லு வெளக்கயில ஒருத்தன ஒருத்தன் பாத்து முறைக்கது, பதிலுக்குக் காறித் துப்புதது, ரெண்டு பேருக்கும் சோறு இறங்கல. ஆளுயரத்துக்கு ஏத்தின பொறவுதான் வீட்டுல சத்தம் அடங்கிச்சு. அதே கததான். பக்கத்து ரூமுக்காரன் தெரிஞ்சா இவன் செவுளை விரிச்சுக்கிட்டு நாள் முழுக்க நிப்பான். உனக்கு வேடிக்கையா இருக்கும். அவன் தீனிய விட்டுருவான், சிலது சொந்த வாலையே கடிச்சுக்கிடும். அவ்வளவு ஆசையா இருந்தா முகம் பாக்க கண்ணாடிய ரெண்டு நிமிசம் காட்டிட்டு எடுத்துரு.

கறுப்பு பிளாஸ்டிக் வலை, தையல் சாமான் கடையில எம்பிராய்டரிக்குன்னு கெட்டியா விப்பான், அதுல சுவரு ஒண்ணுக்கு ரெண்டு தாள் வெட்டு. ஒண்ணை ஒட்டி ஒண்ணு, ஓட்டைக்கு நேரே ஓட்டை வராம வை. வெட்டின விளிம்பைத் தேய்ச்சுரு, இல்லைன்னா வாலு கிழியும். அதை நேரா சிலிகான் வச்சு ஒட்டிராத, நாளைக்குக் கழுவணும்னா என்ன செய்வ? கண்ணாடிக் கடையில கழிவுத் துண்டு கிடக்கும். விரல் அகலத்துல சுவரு ஒண்ணுக்கு நாலு கேட்டா சும்மாவே குடுப்பான். ரெண்டு ரெண்டா ஒட்டி நடுவுல பள்ளம் விடு, வலை அதுல இறங்கி நிக்கும். அடியில மணல் மூடட்டும். மேல மூடி வரைக்கும் போகணும், கேட்டியா? தண்ணி ரெண்டு இஞ்சு தாழ்ந்துதான் நிக்கணும். இவன் தாவுத சாதி. தாவி அடுத்தவன் ரூமுல விழுந்தான்னா, விடியயில ஒருத்தனுக்கு நீ குழி தோண்டணும். மூடியில காத்து ஓட்டை இருக்கட்டும்.

சுவரு ஏத்தினாலும் உங்க வீட்டுக் கிணறு பொதுதான? சித்தி துணி அலசின தண்ணி உங்கம்மா குடத்துல வந்த பஞ்சாயத்துக்கு நானே வந்திருக்கேன். இங்கயும் தண்ணி பொது. ஒருத்தனுக்கு வெள்ளைப்புள்ளி நோவு வந்தா மூணு பேருக்கும் வரும். புது மீனை ரெண்டு வாரம் தனியா வச்சிருந்து பொறவு விடு. கழிவுல அம்மோனியா வரும். அதைத் தின்னுத கிருமி பஞ்சு ஃபில்டர்ல குடியேற ஒரு மாசம் ஆகும். நடு ரூமுல ஃபில்டரை வச்சு காத்தைக் குறைச்சு விடு. வாரத்துக்குக் கால்வாசித் தண்ணி மாத்து. குளோரின் போன தண்ணியா ஊத்து. ஹீட்டர் நம்ம ஊரு வெக்கைக்கு எதுக்கு?

தீனி கொஞ்சமாப் போடு. கொசுப்புழுன்னா உசிரை விடுவான். அதுக்காக வாளியில தண்ணி பிடிச்சு வச்சு வளத்தேன்னு வையி, சுகாதாரத்துக்காரன் வந்து உன்னயப் பிடிச்சுட்டுப் போவான்.

பக்கத்து ரூமுல பொட்டைய விடலாமான்னு ஓரத்துல சின்ன எழுத்துல எழுதி அடிச்சிருக்கியே, கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா? விடலாம். ஆனா மொதல்லயே நுரையில கூடு கட்டி, முட்டை போட்டதும் அவளை வெரட்டிட்டு, விழுத முட்டைய வாயால பொறுக்கி வச்சு, காவல் நிக்கது எல்லாம் ஆம்பளதான். உங்கப்பன் கண்ணுல மட்டும் இதைக் காட்டிராத, பாவம்.

சிலிகான் டியூபு ஒண்ணு தொறந்தா மிச்சம் நாளைக்கு நிக்காது, வாயிலயே இறுகிப் போகும். வீணாக்காத. அன்னைக்கே துப்பாக்கியோட இங்கன எடுத்துட்டு வந்துரு. எங்க சன்னல் கண்ணாடி ரெண்டு ஆடிக்கிட்டு நிக்கி. சாயங்காலமா வா, ஆச்சி பணியாரம் சுடுவா.