களக்காடு போக 'நி'யா, 'எ'யா?

கேள்வி: ஜப்பானிய மொழி படிக்கிறேன். 'களக்காட்டுக்குப் போகிறேன்' என்பதற்கு 'நி' போடணுமா, 'எ' போடணுமா? (களக்காடு வாசகர்)

பதில்: எதைப் போட்டாலும் ஊர் வந்து சேரலாம். 'நி' சேருமிடத்தைச் சொல்லும். 'எ' திசையைக் காட்டும். (அந்த 'எ'யை 'ஹெ' என்று எழுதிவிட்டு 'எ' என்றுதான் வாசிப்பார்கள்.)

ஆனால் பஸ்ஸில் ஏற 'நி' மட்டும்தான்: 'பசு நி நொரு'. பயப்பட வேண்டாம், பஸ்ஸைத்தான் அங்கே 'பசு' என்கிறார்கள். 'அம்மாவுக்கான கடிதம்' என்றால் 'எ' மட்டுமே செல்லும்: 'ஹஹா எ நோ தெகமி'.

தமிழருக்குப் பாதி வேலை மிச்சம். இங்கே போலவே அங்கும் உருபு பெயருக்குப் பின்னால்தான். 'இலிருந்து' என்பதற்கு 'கரா', 'வரை'க்கு 'மதே'. பாலத்தைக் கடக்க நாம் 'ஐ' போடும் இடத்தில் அவர்கள் 'ஓ' போடுகிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதும் அதே 'ஓ'தான்.

உடனே 'ரெண்டும் ஒரே குடும்பம்' என்று கிளம்பிவிட வேண்டாம். பேராசிரியர் சுசுமு ஓனோ அப்படி ஓர் உறவை வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. உருபு பின்னால் வருவது கொரியத்திலும் துருக்கியத்திலும்கூட உண்டு.

இன்னொன்று: ஜப்பானியத்தில் 'ள' கிடையாது, 'ர'தான். 'களக்காட்டிலிருந்து' என்பது 'கராக்காடோ கரா' ஆகிவிடும். நாங்குநேரி பஸ் கண்டக்டரிடம் மட்டும் தமிழிலேயே டிக்கெட் கேளுங்கள்.