சேதராப்பட்டுப் பாலைத்திணை: ஓய்வூதியர் காலைநடை குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

முப்பத்தைந்து ஆண்டு லிஃப்டுக்குக் காத்து நின்ற மனிதர், பணி ஓய்வு பெற்ற மறுநாள் விடியற்காலையில் எழுந்து ஏன் நடக்கத் தொடங்குகிறார்? அமெரிக்காவின் அரிசோனாவில் இதே வயதினர் தொப்பியும் முதுகுப்பையும் மாட்டிக்கொண்டு பாலைவனப் பாறைகளில் ஏறி இறங்குகிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டி நூல்கள் ஏராளம். புதுவை எல்லையோரம் இருக்கும் சேதராப்பட்டில் நடக்கிறவருக்கு ஒரு துண்டுத்தாளும் கிடையாது. அக்குறை தீர்க்க வந்தது இக்கட்டுரை. முதல், கரு, உரி என்று தொல்காப்பியர் வகுத்த முறையே இதற்கு அளவுகோல்.

முதற்பொருள்

பாலைக்கென்று தொல்காப்பியர் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு கெட்டால் பாலையாகும் என்பது இளங்கோவடிகள் கருத்து. அரசாணையாலும் கெடும் என்பதற்குச் சேதராப்பட்டு சான்று. சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று இங்கும் கரசூரிலும் எடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான ஏக்கர், ஆண்டுக்கணக்கில் முள் மண்டிக் கிடந்தது. வேலையில் சேருமுன்பே ஓய்வு பெற்றுவிட்ட நிலம் அது. பென்ஷன்காரர் கால்கள் அந்தப் பக்கம் திரும்புவது இனப்பாசம்.

எல்லைச் சிக்கலும் உண்டு. புதுவை மாநிலம் ஒட்டுப்போட்ட போர்வை. மயிலம் சாலையில் கொஞ்சம் வீசி நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். புதுவை அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 60. தமிழ்நாட்டிலோ 2020 வரை 58. அந்த ஆண்டு 59, அடுத்த ஆண்டு 60. ஆக, 2019இல் ஐம்பத்தொன்பது வயது எழுத்தர் எல்லைக்கு இந்தப் பக்கம் வேலை பார்த்தால் ஊழியர், அந்தப் பக்கம் பார்த்திருந்தால் தாத்தா. முதுமை குடியிருப்பது சர்வே கல்லில் என்பது இதனால் பெறப்படும்.

பாலைக்குரிய பொழுது நண்பகல். நம்மவரோ ஐந்தரைக்குக் கிளம்பி எட்டுக்குள் வீடு சேர்கிறார். இது வழு ஆகாதா எனின், ஆகாது. கோடையில் காலை பத்து முதல் மாலை நான்கு வரை அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்துக்குள் நடக்க வேண்டாம் என்று அங்குள்ள பூங்காத் துறையே எச்சரிக்கிறது. எனவே நண்பகல் காதலர்க்கு, வைகறை ஓய்வூதியர்க்கு எனப் புறனடை கொள்க.

கருப்பொருள்

தெய்வம்: கொற்றவை. மயிலம் சாலை வழியே போனால் திருவக்கரையில் வக்கிரகாளியாக இருக்கிறாள். அவ்வூரில் கல்மரங்களும் உண்டு. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் சாய்ந்து, மண் மூடி, சிலிக்கா ஊறிக் கல்லானவை. அரிசோனாவின் கல்மரங்களுக்கு வயது 20 கோடிக்கு மேல். அந்தக் கணக்கில் நம்முடையவை நேற்றுத்தான் ஓய்வு பெற்றவை.

விலங்கு: செந்நாய்க்கு ஈடாகத் தெருநாய். அதற்கென்றே கையில் மடக்குக் குடை.

மரம்: சீமைக்கருவேலம்.

புள்: ஊசுட்டேரிக்கு வலசை வரும் வாத்துகள். ஏரியின் புதுவைப் பகுதி 2008இல் சரணாலயமானது. மறுபகுதி தமிழ்நாட்டில் இருப்பதால் வாத்துகளும் தினம் எல்லை தாண்டுகின்றன.

உணவு: பாலையில் வழிப்பறிப் பொருளே உணவு என்பது மரபு. இங்கே வீட்டுக்குத் தெரியாமல் விழுங்கும் மெதுவடை.

பறை: பிப்டிக் தொழிற்பேட்டைக்கு முதல் ஷிப்டு ஆட்களை ஏற்றி வரும் பஸ்ஸின் ஹாரன். அது கேட்டதும் பெரியவர்களின் நடை தானாக வேகம் பிடிக்கிறது. இக்குறிப்பைப் பின்னால் பயன்படுத்துவோம்.

உரிப்பொருள்

பாலையின் உரிப்பொருள் பிரிவு. யாரை யார் பிரிந்தது என்பதில் உரையாசிரியர்கள் மூன்று வகைப்படுவர்.

சர்க்கரைக் கொள்கையினர், உடம்புக்காக நடக்கிறார் என்பர். கைபேசியில் பத்தாயிரம் அடி எண்ணுவதைச் சான்று காட்டுவர். அந்தப் பத்தாயிரம் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர். மருத்துவர் எழுதிய சீட்டில் பிறந்த எண் அல்ல அது. மேலும் மெதுவடை இக்கொள்கையை அடியோடு மறுக்கும்.

இல்லறக் கொள்கையினர், தலைவிக்கு இரண்டு மணி நேரம் நிம்மதி தரவே தலைவன் பிரிகிறான் என்பர். ஓரளவு உண்மை. தலைவியின் ஓய்வு வயதை எந்த அரசாணையும் இதுவரை சொல்லவில்லை.

அலுவலகக் கொள்கையினர், பிரிந்தது ஆபீசை என்பர். மேற்படி ஹாரன் இவர்கள் பக்கம். டீக்கடை பெஞ்சில் முன்னாள் மேலாளருக்கு ஓரத்து இடம் ஒதுக்கியிருப்பதும், வர முடியாதவர் முந்தின நாளே போன் போட்டு விடுப்புச் சொல்வதும் கூடுதல் சான்றுகள். ஆனால் சம்பளம் இல்லாத ஆபீசுக்கு மழையிலும் ஏன் வருகிறார்கள் என்பதற்கு இவர்களிடம் விடை இல்லை.

முடிபு

மத்திய அரசு விதிப்படி ஓய்வூதியம் வாங்குவோர் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும். 2014 முதல் கைரேகை வைத்துக் கணினி வழியாகவும் தரலாம். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கும் நம்மூர் சொல்தாவிடமும் பிரான்சு அதே சான்றைக் கேட்கிறது. மற்றப் பதினொரு மாதம் ஆள் இருக்கிறாரா என்று எந்தக் கருவூலமும் விசாரிப்பதில்லை. பெஞ்சு விசாரிக்கிறது. சர்க்கரை இல்லாத டீக்கு நீளும் கைகளைத் தினமும் எண்ணுகிறது. இரண்டு நாள் ஒரு கை குறைந்தால் மூன்றாம் நாள் பெஞ்சே எழுந்து அந்த வீட்டுக்குப் போகிறது.

ஆகவே, நடந்து திரும்பும் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள். இன்றைக்கு எல்லாரும் வந்திருந்தார்களா என்று கேளுங்கள்.