காரி கொடுத்த டிப்ஸ்

பில்லைச் சமமாகப் பிரிப்பதா, அவரவர் தின்றதுக்குத் தகுந்தபடி பிரிப்பதா என்ற சண்டை ஜிபே வந்த பிறகு பிறந்தது என்று நினைப்பவர்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்து வரலாறு தெரியாதவர்கள். மாவட்டம் உதயமானது என்னவோ 2019 நவம்பர் 26-ல்தான். ஆனால் இந்தச் சண்டையில் அந்த மண்ணின் முதல் புகார் மனு புறநானூற்றில் 121-ஆம் பாட்டாகவே பதிவாகிவிட்டது.

புகார்தாரர் கபிலர். எதிர்த்தரப்பு மலையமான் திருமுடிக்காரி. ஊர் திருக்கோவலூர், தொழில் கடையெழு வள்ளல்களில் ஒருவனாக இருப்பது. நாலு திசையிலிருந்தும் பரிசிலர் வருவார்கள். வந்தவர் யாராக இருந்தாலும் காரிக்கு ஒரே பார்வை. ராத்திரியெல்லாம் விழித்து உவமை தேடியவரும், பக்கத்து நாட்டில் பாடியதையே பெயர் மாற்றிப் பாடியவரும் அவனுக்கு ஒன்றுதான். கபிலருக்கு இது பொறுக்கவில்லை. அள்ளிக் கொடுப்பது சுலபம் ஐயா, ஆளின் தரமறிந்து கொடுப்பதுதான் கஷ்டம். புலவர்களிடம் மட்டுமாவது இந்தப் பொதுப்பார்வையை விட்டுத்தொலையும் என்ற பொருளில் முகத்துக்கு நேரே பாடிவிட்டார். கவனியுங்கள், தன் இலையில் குறைந்தது என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. பக்கத்து இலைக்கும் அதே அளவு போனதுதான் வழக்கு.

கபிலர் ஒன்றும் காய்ந்து கிடந்தவர் இல்லை. சேரன் செல்வக் கடுங்கோ வாழியாதன் அவருடைய பத்துப் பாட்டுக்கு நூறாயிரம் காணம் பொன் கொடுத்து, போதாதென்று ஒரு குன்றின்மேல் ஏறி நின்று, கண்ணுக்கெட்டிய நாட்டையெல்லாம் காட்டிக் கொடுத்தான் என்கிறது பதிற்றுப்பத்தின் பதிகம். பாட்டுக்குப் பத்தாயிரம், நிலம் தனி, ஜிஎஸ்டி கிடையாது. ஆருயிர் நண்பன் பாரியோ, பறம்பு நாட்டின் 300 ஊரையும் பரிசிலர்க்கே எழுதிக்கொடுத்துவிட்டு மலையோடு நின்றவன். இப்படிப்பட்ட கைகளில் வாங்கிப் பழகியவர், வரிசையில் நின்று வாங்கு என்றால் எப்படி நிற்பார்?

காரியின் இருப்புக் கணக்கையும் அவரே 122-ல் ஒப்பித்திருக்கிறார். நாடு, வேள்வித்தீ வளர்க்கும் அந்தணர்க்குப் போயிற்று. எங்கள் பக்கம் சேர்ந்துகொள் என்று மூவேந்தர் தூது அனுப்பித் தரும் பொருள், வாசலிலேயே பரிசிலர்க்குப் போயிற்று. உன்னுடையது என்று சொல்ல மனைவியின் தோள்தான் மிச்சம், அப்படியும் உனக்கு என்ன மிடுக்கு என்று வியக்கிறார். பர்ஸில் ஒன்றும் இல்லாமல் 'இன்னிக்கு என் ட்ரீட்' என்று முன்னால் நடக்கிற நண்பர்கள் இந்தப் பாட்டை ஃபிரேம் போட்டு மாட்டலாம். அடுத்தவர் சொத்தில் தர்மம் செய்யவும் காரி தயங்கியதில்லை. ஓரியைக் கொன்று, அவனுடைய கொல்லிமலையை அப்படியே சேரனுக்குத் தூக்கிக் கொடுத்தான்.

123-ஆம் பாட்டு குடிகாரர் டிப்ஸ் பற்றியது. காலையிலேயே கள் குடித்து அவையில் உட்கார்ந்தால் தேரைத் தூக்கிக் கொடுப்பது எவனுக்கும் எளிது. மலையன் குடிக்காமல் கொடுத்த தேர்களோ முள்ளூர் மலையில் விழும் மழைத்துளியைவிட அதிகம். போதையில் ஐந்நூறு ரூபாய் நீட்டிவிட்டு மறுநாள் பர்ஸைத் தடவுகிறவர்களைக் கபிலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்து 124. நாள் நல்லதில்லை, சகுனம் சரியில்லை, போன நேரமும் சரியில்லை, பேசத் தெரியாமல் உளறினாலும் சரி, காரியைப் பாடியவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. நேரங்கெட்ட நேரத்தில் வந்து உளறியவனுக்கும் உண்டு என்றால், அது 121-ல் எதிர்த்த அதே பொதுப்பார்வை அல்லாமல் வேறென்ன? தொகுத்தவர் வைத்த வரிசையில் பார்த்தால் மூன்றே பாட்டில் பல்டி.

126-ல் வருகிறார் மாறோக்கத்து நப்பசலையார். சேரனின் கப்பல் ஓடிய கடலில் வேறு கலம் போக முடியாது, கபிலர் பாடிய பிறகு எங்கள் கதியும் அதுதான். ஆனாலும் வறுமை துரத்துகிறதே, வந்துவிட்டேன் என்கிறார். கபிலரின் யோசனைப்படி காரி தரம்பார்த்துக் கொடுத்திருந்தால் இந்த அம்மாவுக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

சில நூற்றாண்டு கழித்து அதே ஊரில் சமபங்கு கட்சி ஜெயித்தது. மழைக்கு ஒரு இடைகழியில் ஒதுங்கினார் பொய்கையாழ்வார். ஒருவர் படுக்கலாம். பூதத்தாழ்வார் வந்தார், இருவர் உட்காரலாம். பேயாழ்வார் வந்தார்; மூவர் நிற்கலாம். முதலில் வந்தவன் நான், எனக்குப் படுக்கிற பங்கு என்று பொய்கையார் தகராறு செய்யவில்லை. இருட்டில் நாலாவதாக ஒருவர் வந்து நெருக்க, அது பெருமாள் என்று தெரிந்தது. மூவரும் ஆளுக்கு நூறு என்று அந்தாதி பாடி முடித்தார்கள்.

மேலே கல்வராயன் மலையில் கதை வேறு. மலையை ஜடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்கள் பங்கு வைத்திருந்தன. 1976-ல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை, சுதந்திர நாட்டிலேயே, மலையாளிப் பழங்குடியினர் ஜாகீர்தாருக்குத்தான் வரி கட்டினார்கள். பந்தியில் உட்கார்ந்தது மூன்று பேர். பில் போனது பரிமாறியவர்களுக்கு.

கட்டாய டிப்ஸுக்கு இப்போது சட்டமும் எதிரி. பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்காதே என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. ஓட்டல் சங்கங்கள் வழக்காடிப் பார்த்தன; 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே நின்றது. ஆக, கொடுப்பது கொடுப்பவர் இஷ்டம்.

அந்த இஷ்டத்தில்தான் சிக்கல். ஆறு பேர் சாப்பிட்டு 1,200 ரூபாய், 5 சதவீத ஜிஎஸ்டி 60, ஆளுக்கு 210. மட்டன் பிரியாணி தின்றவர் உடனே சமத்துவம் பேசுவார், தயிர்சாதக்காரர் கபிலராகிவிடுவார். தரம் பார்க்கச் சொல்கிற எவரும் தன்னைக் கடைசி வரிசையில் வைத்து யோசிப்பதில்லை. சோம்புத் தட்டில் வைக்கிற நாற்பது ரூபாயையும் கபிலர் கையில் கொடுத்தால், சிரித்துப் பேசிய சர்வருக்கு முப்பத்தைந்து, காபி போட்டவருக்கு ஐந்து, மேசை துடைத்தவருக்குச் சுழியம். காரி பிரித்தால் மேசை துடைத்தவருக்கும் பங்கு உண்டு.