பந்தி பரிமாறிய இளவரசர்

1356 செப்டம்பர் 19, பிரான்சின் புவாத்தியே. போரில் பிடிபட்ட பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜானுக்கு அன்றிரவு விருந்து. வென்றவர் இங்கிலாந்தின் எட்வர்டு, 'கருப்பு இளவரசர்'. மன்னரோடு சரிசமமாக உட்கார மறுத்து, தன் கையாலேயே பரிமாறினாராம். அறுநூறு ஆண்டுக்கும் மேலாக இந்தப் பந்தியைச் சொல்லிச் சொல்லி உருகுகிறார்கள். நைட்டுகளின் அறமென்றால் இதுவல்லவா!

இதே கனவான்தான் முந்தைய ஆண்டு போர்தோவிலிருந்து நார்போன் வரை படை நடத்திப் போனவர். கோட்டை பிடிக்க அல்ல. வழிநெடுக ஊர்களையும் களஞ்சியங்களையும் கொளுத்த. எதிரி மன்னனுக்கு வரி கட்டும் கையை முறிப்பதுதான் தந்திரம். அந்தக் கை குடியானவனுடையது. அவனுக்கு எந்த இளவரசரும் பரிமாறவில்லை.

பிடிபட்டவனிடம் குதிரையும் குலச்சின்னமும் இருந்தால் விருந்தாளி, ஏனென்றால் அவன் தலைக்கு விலை உண்டு. வெறுங்கையனா, வெட்டிப் போடு, காசு பெயராது. இந்த அறத்தின் சூத்திரம் இவ்வளவுதான். ஜானின் தலைக்கு முப்பது லட்சம் பொற்காசு பேசி முடித்தார்கள். அதைக் கட்ட உப்புக்கும் ஒயினுக்கும் வரி விழுந்தது. பிணையாக நின்ற மகன் தப்பி ஓடியதும், வாக்குத் தவறலாமா என்று மன்னர் தாமாகவே லண்டனுக்குத் திரும்பினார். தங்கியது சவாய் அரண்மனையில், என்ன தியாகம்! வரலாறு அவரை 'நல்லவர்' என்கிறது. உப்புக்கு வரி கட்டியவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

அந்த வரி விழும் முன்பே, 1358இல், பிரெஞ்சுக் குடியானவர்கள் பொறுக்கமாட்டாமல் எழுந்தார்கள். அவர்களும் கொன்றார்கள், கொளுத்தினார்கள், மறைக்க ஒன்றுமில்லை. மோ நகரில் சிக்கிய பிரெஞ்சுச் சீமாட்டிகளைக் காக்க ஓடிவந்தவர்களில் ஒருவர் கப்தால் த புஷ். ஈராண்டுக்கு முன் புவாத்தியேயில் ஆங்கிலேயருக்காகப் பிரெஞ்சுப் படையின் முதுகில் பாய்ந்த அதே ஆசாமி! கீழேயிருந்து ஆபத்து வந்ததும் பகையாளிகள் பங்காளிகளாகி, குடியானவர்களைத் துரத்தித் துரத்திக் கொன்று ஊரையும் கொளுத்தினார்கள். பெண்களைக் காப்பது நைட்டின் கடமையாம். எரிந்த குடிசைகளில் இருந்தவர்கள் பெண்கள் இல்லை போலிருக்கிறது.

1370இல் பிரான்சின் லிமோஜ் நகர். நோயாளியான இளவரசரைப் பல்லக்கில் தூக்கி வந்தார்கள். ஆண், பெண், குழந்தை என்று பாராமல் மூவாயிரம் பேரை வெட்டினார்கள் என்று எழுதிவைத்தார் ஃபுருவாசார், இந்த வீரர்களின் ஆஸ்தான புகழ்பாடி. இன்றைய ஆய்வாளர்கள் பலர், இல்லை, முந்நூறு போல்தான் இருக்கும் என்கிறார்கள். சரி, முந்நூறே இருக்கட்டும். ஃபுருவாசார் எழுதியதில் இன்னொன்றும் உண்டு: காலில் விழுந்து கதறியவர்களைக் கண்டு இளகாத இளவரசரின் மனம், மூன்று பிரெஞ்சு நைட்டுகள் அழகாக வாள் வீசுவதைக் கண்டதும் இளகியதாம். அந்த மூவரும் உயிர்பிழைத்தார்கள். வாள் பிடிக்கத் தெரியாத குழந்தைகள் என்ன செய்யும்?

இதெல்லாம் செத்துப்போன கதை என்கிறீர்களா? 1348 வாக்கில் மூன்றாம் எட்வர்டு தொடங்கிய கார்ட்டர் நைட்டுகள் சங்கத்தின் முதல் வரிசையில் அவர் மகனான கருப்பு இளவரசரும் உண்டு, அந்தக் கப்தாலும் உண்டு. அதன் வாரிசுகள் இன்றும் ஜூன் மாதத்தில் வின்ட்சரில் இறகுத் தொப்பியும் வெல்வெட் அங்கியுமாக ஊர்வலம் போகிறார்கள். 1908இல் பேடன்-பவல் சாரணச் சிறுவர்களுக்கு இந்த நைட்டுகளையே முன்மாதிரியாகக் காட்டினார். அதற்கு ஐந்தாண்டு முன்பே லீட்ஸ் நகரச் சதுக்கத்தில், அந்த ஊருக்குச் சம்பந்தமே இல்லாத கருப்பு இளவரசர் குதிரையோடு வெண்கலத்தில் ஏறி நின்றுவிட்டார். பீடத்தில் அவரை வீரத்தின் மலர் என்று பொறித்தார்கள். அதோடு விட்டார்களா? மக்களின் உரிமையைக் காத்தவர் என்றும் பொறித்தார்கள். மக்களின்!