நத்தார் அட்டையின் கரைத்தீவு மூலம்: ஒரு துணிபு

விக்டோரியா மகாராணி காலத்து நத்தார் வாழ்த்து அட்டைகள் ஏன் அப்படிப் பயமுறுத்துகின்றன என்று மேல்நாட்டு அறிஞர்கள் நெடுங்காலமாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். குத்துப்பட்டுக் கிடக்கும் தவளை, மல்லாந்து செத்த குருவி, மனிதனைக் கட்டிப்பிடிக்கும் வெண்கரடி. பக்கத்திலேயே அழகான எழுத்தில் ஒரு வாழ்த்து. அறிஞர்கள் தேடிய இடம்தான் பிழை. இவ்வட்டைகள் இலண்டனுக்காக வரையப்பட்டவை அல்ல. புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவுக்காக வரையப்பட்டு முகவரி மாறிப் போனவை. இதுவே என் துணிபு.

முதலில் ஒரு விலக்கைச் சொல்லிவிடுகிறேன். 1843இல் ஹென்றி கோல் என்ற அதிகாரி, நண்பர்களுக்கெல்லாம் கடிதம் எழுத நேரமில்லாமல், ஜோன் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு முதல் அட்டையை வரைவித்து அச்சிட்டார். விலை ஒரு ஷில்லிங். படத்தில் ஒரு குடும்பமே வைன் குடிக்கிறது, சின்னப் பிள்ளை உட்பட. மதுவிலக்குக்காரர்கள் கொதித்தார்கள். கரைத்தீவின் முஸ்லிம் வீடுகளிலும் அது வாசற்படி தாண்டாது. பயமே காட்டாத அந்த ஒரே அட்டைதான் நம்மூருக்குப் பொருந்தவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

1870இல் அட்டைகளுக்கான தபாற்கட்டணம் அரைப் பென்னியாகக் குறைந்ததும் கொலைகள் பெருகின. இனிச் சான்றுகள்.

தலையாய சான்று தவளை. ஒரு தவளை இன்னொன்றைக் கத்தியால் குத்திவிட்டுப் பணத்தோடு ஓடுகிறது. வாழ்த்து வழக்கமான இன்ப நத்தார்தான். இங்கிலாந்தில் மார்கழி மாதத்துத் தவளை சேற்றுக்குள்ளோ கல்லுக்கடியிலோ குளிர்கால உறக்கத்தில் கிடக்கும். கொலை செய்வதற்கு அது முதலில் எழும்ப வேண்டுமே! புத்தளக் கரையிலோ ஐப்பசி தொட்டு மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் நிலத்தில் தவளைகளுக்கு அதுவே கல்யாணக் காலம், சண்டைக் காலம். இரவில் அவை போடும் சத்தத்தைக் கேட்டவர் எவரும், அதற்குள் ஒரு கொடுக்கல் வாங்கல் தகராறு இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டார். கத்தி விடயத்தில் மட்டும் ஓவியர் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம்.

செவ்வெறும்பும் கறுப்பெறும்பும் படைதிரண்டு பொருதும் அட்டைக்கு விளக்கமே தேவையில்லை. மழைக்கு வீட்டுக்குள் வரும் எறும்புகளை எந்தக் குசினியிலும் பார்க்கலாம்.

அடுத்து, மனிதன் மீது பாயும் துருவக் கரடி. அதன் வாசகம் மனமார்ந்த வரவேற்பு. இலண்டன் தெருவில் கரடி ஏது? கரைத்தீவுக்கு வடக்கே வில்பத்துக் காடு. அதன் கறுப்புக் கரடிகள் இவ்வரவேற்பை இன்றும் கைவிடவில்லை. காட்டோரம் போய்வருகிறவர்கள் சிறுத்தையைவிடக் கரடிக்கே அஞ்சுவார்கள். அச்சகத்தில் கறுப்பு மை தீர்ந்திருக்கும். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

செத்த ராபின் குருவிக்கு ஏற்கெனவே இரண்டு விளக்கங்கள் உண்டு: குளிரில் மடிந்த ஏழைப் பிள்ளைகளை நினைத்து இரங்கவைக்க வரைந்தார்கள் என்பது ஒன்று, டிசம்பர் 26இல் குருவி வேட்டையாடும் பழைய வழக்கத்தின் எச்சம் என்பது மற்றொன்று. இரண்டும் கற்றவர் கூற்று, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே மாதத்தில் வடதிசைப் பறவைகள் கூட்டங்கூட்டமாகப் புத்தளம் களப்பில் வந்து தங்கியிருப்பதை இரு கட்சியாரும் கணக்கில் எடுக்கவில்லை. புத்தியுள்ளவை இங்கே வந்தன. ராபின் அங்கேயே நின்றது.

நத்தாருக்கு இன்ன படம்தான் என்ற வழக்கம் அன்று உறுதிப்படவில்லை, கையில் கிடைத்த படத்தோடு வாழ்த்தை ஒட்டி விற்றார்கள் என்று சொல்வோரும் உளர். அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் ஆய்வுக்கு உதவாத உண்மை.

என்னைத் திணறடித்தது ஒரே அட்டைதான்: எலியொன்று சிங்கி இறால்மேல் ஏறிச் சவாரி போகிறது. பிள்ளையாரைச் சுமந்து அலுத்த எலி தனக்கும் ஒரு வாகனம் பிடித்துக்கொண்டது என்று எழுதி முடித்திருப்பேன். படத்தைப் பார்த்த கடற்றொழிலாளர் ஒருவர் விடவில்லை. “தம்பி, எங்கட கடல் சிங்கி இறாலுக்குக் கொடுக்கு இல்ல. நீட்டு மீசைதான். இது சீமை இறால். எலி வேணுமெண்டா எங்கட எலியா இருக்கும்.”

நியாயமான ஆட்சேபம். ஆகவே சவாரி செய்பவரை உள்ளூர்க்காரர் என்றும் வாகனத்தை இறக்குமதி என்றும் பதிந்துகொண்டேன். இலங்கையில் அது புதினமும் அல்ல.