கதை மைனி

தென்காசியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் நாலு வீட்டுக்கு ஒரு மைனி இருப்பாள். அதில் ஒருத்தி மட்டும் கதை மைனி. மற்றவர்களுக்கு மைனி என்பது, அண்ணி என்ற அர்த்தத்தில், அவரவர் கொழுந்தன் வைத்த பட்டம். கதை மைனிக்குத் தெருவே கொழுந்தன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் வீட்டுத் தார்சாவில் ஐந்தாறு பேர் மடியில் பீடித் தட்டோடு உட்காருவார்கள். இலையை அளவாக வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நுனியை மடக்கி, நூலைக் கட்டுவது வரை விரல்களே பார்த்துக்கொள்ளும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கைக்குக் கூலி உண்டு, கண்ணுக்கு இல்லை. ஆகவே கண் டிவியைப் பார்க்கிறது. காதும் வாயும் மைனியின் நிர்வாகத்தில் இருக்கின்றன.

"நேத்து அவ செஞ்ச வேலையப் பாத்தியாட்டி?" என்றுதான் சபை கூடும். எவ என்று யாரும் கேட்பதில்லை. நடிகையின் பெயர் மைனிக்குத் தெரியாது, தேவையுமில்லை. சங்கரன்கோவில் பக்கமிருந்து வாழ வந்த புதுப்பெண் ஒருத்தி, சொத்துப் பத்திரத்தைத் திருடி அரிசிப் பானையில் ஒளித்த மாமியார் எதிர்த்த வீட்டில்தான் இருக்கிறாள் என்று நம்பி, அந்த வீட்டுக்கு மோர் கடன் கேட்கப் போகவே பயந்தாள். அது இரவு ஒன்பது மணி சீரியல் மாமியார் என்று பிறகுதான் தெரிந்தது.

மைனி ஒரே நாளில் உருவாகிவிடவில்லை. 1999 டிசம்பரில் ராதிகாவின் ‘சித்தி’ தொடங்கியபோது அவள் வாழ வந்து கொஞ்ச காலம்தான். பக்கத்து வீட்டு ஜன்னல் வழியே நின்று பார்த்தாள். 2002இல் திருமுருகனின் ‘மெட்டி ஒலி’ வந்தது. ஐந்து பெண்களைக் கரையேற்றப் பாடுபட்ட அந்தச் சிதம்பரத்தைப் பார்த்து, தன் அப்பாவைப் பார்த்ததுபோல மூக்கைச் சிந்தினாள். 2006க்குப் பிறகு அரசாங்கத்தின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வீட்டுக்கே வந்தது. 2011இல் அரசு கேபிள் மாதம் எழுபது ரூபாய்க்கு வந்தது. இத்தனை வசதி வந்த பிறகுதான் மின்சாரம் போனது. 2012 மின்வெட்டுக் காலம்தான் அவளுடைய பொற்காலம். எந்தத் தெருவில் எப்போது விளக்கு எரியும் என்று கணக்கு வைத்து, எரிகிற தெருவுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்து, எரியாத தெருவில் சிம்னி விளக்கடியில் கதையை நடத்தினாள். டிவியில் பார்ப்பதைவிட மைனி சொன்னால்தான் நன்றாயிருக்கிறது என்று அப்போது எழுந்த பேச்சு, மின்சாரம் வந்த பிறகும் அடங்கவில்லை.

கதையைப் பற்றிப் பேசும் இந்த வேலைக்கு டெல்லியில் ஒருகாலத்தில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு முன்கதை உண்டு. மெக்சிகோவில் மிகெல் சபிதோ என்பவர் 1975இல் முதியோர் கல்விக்காகவே ஒரு தொடர் எடுக்க, எழுத்தறிவு வகுப்புகளில் கூட்டம் சேர்ந்தது. அந்தப் பாணியைப் பார்த்துத் தூர்தர்ஷன் 1984இல் ‘ஹம் லோக்’ தொடரைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து, நடந்தது சரியா தவறா என்று பார்ப்பவர்களிடம் பேசிவிட்டுப் போவார். தமிழ்ச் சீரியல்கள் அந்த வழக்கத்தை வைத்துக்கொள்ளவில்லை. காலியாக இருந்த அந்த உத்தியோகத்தில் மைனி தானாகப் போய் உட்கார்ந்தாள்.

ஆனால் அசோக் குமார் நடந்த கதையை மட்டும் பேசினார். மைனிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு நாள் பீடிக்கு நூல் சுற்றியபடியே ஆரம்பித்தாள்: "மருமக செயினை வாங்கி அடகு வச்சிட்டு, அவள வெறுங்கழுத்தோட கல்யாண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாளே, அவல்லாம் நல்லா இருப்பாளாட்டி?" முந்தின இரவு எந்தச் சேனலிலும் அப்படி ஒரு காட்சி வரவில்லை. தார்சாவில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். கடைசி வீட்டு அத்தை தலையைக் குனிந்து, வழக்கத்துக்கு மாறாகத் தன் பீடியைப் பார்த்துச் சுற்றினாள். "அவளுக்கும் என்ன கஷ்டமோ" என்று அத்தையின் சார்பில் ஒருத்தி வாதாட, "கஷ்டம்னா சொல்லிட்டு வாங்கணும்லா" என்று தீர்ப்பு வந்தது. யாரும் யார் பெயரையும் சொல்லவில்லை. அந்தச் செயின் சில மாதங்களில் மருமகள் கழுத்துக்குத் திரும்பியது. மைனியின் தீர்ப்பாலா, 2021இல் அரசு அறிவித்த ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடியாலா என்பதில் தெருவுக்குள் இரண்டு கட்சி உண்டு.

கேபிள் வந்த கிராமங்களில் மனைவியை அடிப்பதைச் சரியென்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண்பிள்ளைதான் வேண்டும் என்ற பிடிவாதமும் குறைந்தது என்று ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற பொருளாதார அறிஞர்கள் 2009இல் எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. டிவிக்கும் அந்தப் பெண்களுக்கும் நடுவே ஒரு மைனி உட்கார்ந்திருந்தாளா என்பதையும் அவர்கள் விசாரித்திருக்கலாம்.

வில்லன்களை மைனி சும்மா விடுவதில்லை. ‘தெய்வமகள்’ ஓடிய ஐந்து வருஷமும் தெருவில் அதிகாரம் செய்த பெண்ணுக்கெல்லாம் அதன் வில்லி பேரில் அண்ணியார் என்றே பெயர். ‘எதிர்நீச்சல்’ ஆதிமுத்து குணசேகரனைத் தினமும் "கட்டையில போவான்" என்று வைதாள். 2023 செப்டம்பர் 8ஆம் தேதி அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது, குணசேகரனாக நடித்த மாரிமுத்து மாரடைப்பில் இறந்துபோனார். அன்று மைனி பீடித் தட்டைத் தொடவில்லை. தன் வாய்தான் பலித்துவிட்டதோ என்ற பயத்தில் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். பிறகு வேல ராமமூர்த்தி அதே வேஷத்தில் வந்தபோது வசவை மாற்றிக்கொண்டாள்: "வெளங்காமப் போவான்" என்பதோடு சரி. உயிருக்குச் சேதமில்லாத வசவு.

மைனியின் வீட்டுக்காரர் சீரியல் பார்ப்பதில்லை. பேப்பர்தான் படிப்பார், இரவு ஒன்பது மணிக்கும். பெண்டாட்டி கதையில் ஓர் இடம் தடுமாறினால் பேப்பருக்குப் பின்னாலிருந்து "அது ரெண்டாவது மருமவ" என்று குரல் வரும்.

சாரல் மாதங்களில்தான் மைனிக்குத் தொல்லை. ஆனியில் குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் அவள் வீட்டில் சொந்தக்காரர்கள் விழுவார்கள். ஐந்தருவி, பழைய குற்றாலம், பிரானூர் பார்டரில் பரோட்டா என்று அவர்கள் போடுகிற திட்டம் சாயங்காலத்தைத் தாண்டும். மெயினருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று போலீஸ் கயிறு கட்டினால் விருந்தாளிகள் முகம் தொங்கும்; மைனி முகம் மலரும், நேரத்துக்கு வீடு திரும்பலாம். ஒருமுறை பெண்கள் பக்கத்தில் குளிக்கப் போனவள் வெகுநேரம் வரவில்லை. மதுரைக்காரி ஒருத்தியோடு சீரியல் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. அருவி இரைச்சலில் பாதிதான் கேட்டது. மீதியை ஈரச் சேலையோடு நின்று முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

இப்போது ஆபத்து வீட்டுக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. மருமகள் போனில் ஒரு செயலிக்குச் சந்தா கட்டியிருக்கிறாள். சாயங்காலம் டிவியில் வர வேண்டிய விஜய் டிவி சீரியல் விடியற்காலையிலேயே அதில் வந்துவிடுகிறது. முதல் வாரம் மைனி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இரண்டாம் வாரம் உடன்படிக்கை ஏற்பட்டது: காலைக் காப்பிக்கு முன் மருமகள் கதையை மாமியார் காதில் சொல்லிவிட வேண்டும், அப்புறம் நாள் முழுக்க வாய் திறக்கக் கூடாது, பதிலுக்குக் காலைப் பாத்திரம் மாமியார் தேய்ப்பாள். அன்றிலிருந்து மத்தியானச் சபையில் மைனி கண்ணை லேசாக மூடி, "எனக்கென்னமோ இன்னைக்கு ராத்திரி அவன் வீட்டை விட்டுப் போயிருவான்னு தோணுதுட்டி" என்று ஆரம்பிக்கிறாள். சொன்னது சொன்னபடி நடக்கிறது. போன வாரம் மேலத்தெருவிலிருந்து ஒருத்தி மகள் ஜாதகத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.