தூங்கணும்டா, தொங்கவிடக் கூடாது!

வாடா மாப்ளே, வா. திண்ணையில உக்காரு. அந்தக் கையை மட்டும் பதனமா வை. பஞ்சும் பிளாஸ்திரியுமா நீ நடந்து வாறதைப் பாத்தா, எல்லைச் சண்டை முடிஞ்சு திரும்புற பட்டாளத்தான் கெட்டான் போ!

என்னது, அசதியா இருந்துச்சுன்னு ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு வந்தியா? டாக்டரு வேண்டாம்னு சொல்லியும் ஒத்தக்கால்ல நின்னியாமே. கோயில் கொடைக்கு மூணு ராத்திரி முழிச்சா அசதி வராம அம்சமா வரும்? அதுக்குத் தூங்கணும்டா, பாட்டிலைத் தொங்கவிடக் கூடாது.

நர்சுக்குப் படிக்கிற என் பேத்திகிட்ட கணக்குக் கேட்டேன். அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டில்ல இருக்கிறது 25 கிராம் சக்கரை. நீ ஏத்திக்கிட்ட ரெண்டுக்கும் சேத்து ரெண்டு வாழைப்பழத்து தெம்புதான் தேறும். உப்புத்தண்ணி பாட்டில்னா லிட்டருக்கு 9 கிராம் உப்பு, மிச்சமெல்லாம் தண்ணி. பழத்தைத் தின்னுட்டு, வீட்டு நீச்சத்தண்ணியில ஒரு கல்லு உப்பைப் போட்டுக் குடிச்சிருந்தா ஊசிக்குத்தாவது மிஞ்சியிருக்கும். ஆனா அப்படிக் குடிச்சா சாத்துக்குடி வாங்கிக்கிட்டுப் பாக்க யாரு வருவா? அதுவும் வாஸ்தவந்தான்.

அதுக்காகப் பாட்டிலைப் பழிக்க மாட்டேன். 1832-ல ஸ்காட்லாந்துல தாமஸ் லாட்டான்னு ஒரு வைத்தியர், காலராவுல நாடி விழுந்து கெடந்தவங்களுக்கு நரம்பு வழியா உப்புத்தண்ணி ஏத்தினாரு. கைவிட்ட உசுருல சிலது எந்திரிச்சு உக்காந்துச்சு. அது உசுருக்குப் போட்ட பாட்டில். உன்னது பவுசுக்குப் போட்டது.

1971-ல வங்காள அகதி முகாம்ல காலரா வந்து, பாட்டிலெல்லாம் தீந்துபோச்சு. திலீப் மகாலானபிஸ்னு ஒரு டாக்டரு, குளுக்கோஸு, உப்பு, சோடா உப்பு மூணையும் தண்ணியில கரைச்சு வாயிலயே குடுக்கச் சொன்னாரு. நூத்துக்கு முப்பது பேரு செத்த இடத்துல, நாலு பேருக்கும் கீழ எறங்குச்சு. சூட்சுமம் இதுதான்: குடல் உப்பைத் தனியா விடுறதைவிடச் சக்கரை கூட வந்தா அள்ளி உள்ள விடும். உப்பு போன வீட்டுக்குத் தண்ணி தானா பின்னால போகும், மாப்பிள்ளைக்குப் பின்னால சம்மந்தி வீட்டார் போற மாதிரி.

அதனால வயித்தால போனா, ஆரம்ப சுகாதார நிலையத்துல ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை வாங்கு. அதுல எழுதியிருக்கிற அளவுத் தண்ணியில முழுப் பொட்டலத்தையும் கரைச்சு, மடக்கு மடக்காக் குடி. குடிச்சது நிக்காம வாந்தி போனாலோ, கண்ணு குழிஞ்சாலோ, ஒண்ணுக்கு வராம நின்னாலோ, ஆளு தெளிவில்லாமக் கெடந்தாலோ என் பேச்சைக் கேட்டுக்கிட்டு உக்காந்திராதே. வண்டியைக் கட்டு. அங்க பாட்டில்தான் சாமி.

இப்ப நீ போய்த் தூங்கு.